காட்டுக்குள்ள பழைய கல்குவாரி தேடுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைடார்ங்கிறது விமானத்துல இருந்து லேசர் அடிச்சு நிலத்தோட உயரத்த அளக்கற முறை, அந்த டேட்டா இப்ப பல நாட்டுல இலவசமாவே கிடைக்குது, இங்கிலாந்துல 1 மீட்டருக்கு ஒரு புள்ளிங்கிற அளவுல கிட்டத்தட்ட நாடு முழுசுக்கும் டவுன்லோட் பண்ணிக்கலாம், அதனால மரம் மூடுன இடத்துல பழைய குவாரி தேடுறவங்க நிறைய பேர் வந்துட்டாங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஸ்க்ரீன்ல ஒரு பள்ளம் தெரிஞ்ச உடனே குவாரின்னு பேர் போட்டு மேப்ல புள்ளி வச்சிடுறாங்க, அடுத்து வர்றவங்க அதை நம்பி அப்படியே எடுத்துக்கிறாங்க, தப்பு பரவுறது இப்படித்தான்.

முதல்ல ஃபைல சரியா எடுங்க. லைடார் உயர மாதிரி ரெண்டு வகையாக் கிடைக்கும்: டிஎஸ்எம்ல (மேற்பரப்பு மாதிரி) மரத்தோட உச்சிதான் வரும், டிடிஎம்லதான் (தரை மாதிரி) இலை இடுக்குல புகுந்து தரையத் தொட்டுத் திரும்புன லேசர் புள்ளிகள வச்சு தரைய மட்டும் காட்டுவாங்க. டிடிஎம்மையும் கண்ண மூடிட்டு நம்பக் கூடாது. அடர்த்தியான ஊசியிலைக் காட்டுல தரை வரைக்கும் போற புள்ளி ரொம்பக் கம்மி, நடுவுல இருக்கற இடத்த சாஃப்ட்வேர் முக்கோணம் முக்கோணமா நிரப்பி வச்சிருக்கும். வழவழன்னு இருக்கற அந்த இடத்துல பள்ளமே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, அங்க டேட்டாவே இல்ல, அவ்வளவுதான். செங்குத்தா நிக்கற பாறை முகப்பையும் தரைப் புள்ளிய மட்டும் பிரிக்கிற சில சாஃப்ட்வேர் ஃபில்டர் மரம்னு நினைச்சு சீவி விட்டுடும்.

அடுத்து வெளிச்சம். உயர டேட்டா மேல செயற்கையா வெளிச்சம் அடிச்சு நிழலோட காட்டுற படம்தான் ஹில்ஷேட், அதுல வழக்கமா வடமேற்கு, அதாவது 315 டிகிரியில இருந்து வெளிச்சம் விழும், அதைத் தெற்குப் பக்கம் மாத்துனா பலருக்குப் பள்ளம் மேடாத் தெரியும், மேடு பள்ளமாத் தெரியும். ஒரே திசை வெளிச்சத்துல, அதே திசையில ஓடுற வெட்டு மறைஞ்சும் போயிடும். பல திசை ஹில்ஷேட், ஸ்கை வியூ ஃபேக்டர் (ஒவ்வொரு இடத்துல இருந்தும் வானம் எவ்வளவு தெரியுதுன்னு காட்டுற படம்) ரெண்டும் போட்டுப் பாருங்க, சந்தேகம் தீரலன்னா க்யூஜிஐஎஸ்ங்கிற இலவச மேப் சாஃப்ட்வேர்ல குறுக்கே ஒரு கோடு இழுத்து ப்ரொஃபைல், அதாவது குறுக்குவெட்டு உயரம், எடுத்தா பள்ளமா மேடான்னு நம்பரே சொல்லிடும்.

இதெல்லாம் சரியாப் பண்ணுனவங்களும் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு, பள்ளத்த மட்டும் பார்த்துட்டு சுத்தி இருக்கறத விட்டுடுறது. குவாரின்னா கல்ல வெளிய கொண்டு போயிருக்கணும், வேண்டாத கழிவ எங்கயாவது கொட்டியிருக்கணும். அதனால மேட்டுப் பக்கம் செங்குத்தான வெட்டு, பள்ளப் பக்கம் திறப்பு, அங்க இருந்து கிளம்புற வண்டித்தடம், அதுக்குப் பக்கத்துல விசிறி மாதிரி பரவுன கழிவு மேடு, இதையெல்லாம் தேடுங்க. வட்டமா, புனல் வடிவத்துல, வழியும் இல்லாம கழிவும் இல்லாம இருந்தா, அதுவும் சுண்ணாம்புப் பாறை இருக்கற பகுதின்னா, நிலம் தானா உள்வாங்குன குழியா இருக்க வாய்ப்பு அதிகம். சுத்திலும் வரப்பு கட்டுன மாதிரி வட்டக் குழிகள் வரிசையா வந்தா குண்டு விழுந்த இடமா இருக்கலாம், இல்ல சின்னச் சுரங்கக் கிணறா இருக்கலாம். சரிவுல பாதி வெட்டிப் பாதி நிரப்பி சமமாக்குன சின்ன மேடைன்னா கரி சுட்ட இடமா இருக்கலாம். இயற்கையும் மனுசன் தோண்டுனதும் கலந்தும் வரும்: இங்கிலாந்தோட டீன் காட்டுல ஸ்கௌல்ஸ்னு சொல்ற பள்ளங்கள் இயற்கைக் குகைகளா இருந்து, அப்புறம் இரும்புத் தாதுக்காக மனுசங்க தோண்டிப் பெருசாக்குனது. நார்ஃபோக்ல கிரைம்ஸ் கிரேவ்ஸ்ங்கிற இடத்துல 400க்கும் மேல பள்ளம் கிடக்கு, அது கற்காலத்துல சிக்கிமுக்கிக் கல் எடுத்த சுரங்கம்னு 1870 வாக்குல தோண்டிப் பார்த்த பிறகுதான் உறுதியாச்சு. வெறும் வடிவத்த வச்சு வயசு சொல்லவே முடியாது.

பழைய மேப்ல இல்லன்னா குவாரியே இல்லன்னு நினைக்கறதும் தப்பு. ரெண்டு சர்வேக்கு நடுவுல தோண்டி, எடுத்து, விட்டுட்டுப் போன சின்னக் குழி எதுலயும் ஏறியிருக்காது, சர்வேக்கு ரொம்ப முன்னாடியே மரம் மூடுனதும் விட்டுப் போயிருக்கும். மேப் ஓரத்துல சர்வே வருசமும் வெளியிட்ட வருசமும் தனித்தனியா இருந்தா சர்வே வருசத்தத்தான் எடுத்துக்கணும். பிரிட்டிஷ் அரசோட நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே போட்ட மேப்ல 'ஓல்ட் குவாரி'ன்னு போட்டிருந்தா சர்வே பண்ணப்பவே அது கைவிட்ட குவாரி, அந்த வருசத்த தோண்டுன வருசமா எழுதிடாதீங்க. ஸ்கேன் பண்ணுன மேப் லைடார் மேல சில மீட்டர் தள்ளி உக்காரும், பக்கத்துல பக்கத்துல குழி இருந்தா ஒண்ணோட பேர் இன்னொண்ணுக்குப் போயிடும். மரம் வெட்டியிருந்த காலத்துல எடுத்த பழைய ஏரியல் போட்டோ கிடைச்சா விடாதீங்க, லைடாருக்கே தெரியாததும் அதுல தெரியும்.

நேர்ல பார்க்காத வரைக்கும் "குவாரியா இருக்கலாம்"னு மட்டும் பதிவு பண்ணுங்க. போறதா இருந்தா நிலத்துக்காரங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு, தனியாப் போகாம, கீழ்ப் பக்கத் திறப்பு வழியாப் போங்க, மேல் விளிம்புல சருகு மூடி எங்க முடியுதுன்னே தெரியாது. உள்ள போனதும் பாறை முகத்தப் பாருங்க. குழாய நெடுக்கால பாதியாப் பிளந்த மாதிரி நேரா ஒரு தடம் இறங்குனா அது வெடி வைக்கப் போட்ட துளை, விளிம்புல சின்னக் குழிகள் ஒரே வரிசையில இருந்தா ஆப்பு அடிச்சுக் கல்லப் பிளந்த இடம். அளவுகோல் வச்சு போட்டோ எடுத்துட்டு, அப்புறம் அந்த "இருக்கலாம்"ங்கிறத எடுத்துடலாம்.