நீர்க்கட்டிச் சிறுநீரகத்தில் அடிபட்டால்

சிறுநீரகம் வழக்கமாக 10 முதல் 12 செ.மீ. நீளம், பெரும்பகுதி விலா எலும்புகளின் மறைவில் இருக்கும். பரம்பரை நீர்க்கட்டி நோயில் அது 20 செ.மீ.யைத் தாண்டியும் வளர்ந்து, விலாவுக்குக் கீழே வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். அங்கே காக்க எலும்பு இல்லை. சைக்கிள் ஹேண்டில்பார் இடித்தாலே போதும், கட்டி உடைந்து ரத்தம் கசியலாம்.

அடி விலாப்பக்கமோ வயிற்றிலோ பட்டிருந்தால் சிறுநீர் தெளிவாக வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூடிய கட்டிக்குள்ளோ சிறுநீரகத்தைச் சுற்றியோ கசியும் ரத்தம் சிறுநீரில் தெரியாது. பழைய ஸ்கேனையும் கடைசி கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். எது பழைய கட்டி, எது புதிய ரத்தக்கட்டு என்று பிரித்தறிய ஸ்கேனும், சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட கிரியேட்டினினும் உதவும்.

அதிகம் தவறு நடப்பது வலி மருந்தில்தான். இடுப்பு வலி என்றதும் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்தக்கசிவையும் நீட்டிக்கும். ஐபுபுரூஃபென், அசிக்லோஃபெனாக் எல்லாம் அதே ரகம். பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேர இடைவெளியில் போதும். ரத்தத்தை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை நீங்களாக வாங்கக் கூடாது: உறைந்த ரத்தக்கட்டி சிறுநீர்க் குழாயை அடைக்கலாம், சிறுநீரகம் பலவீனமானால் அளவையும் குறைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினை நிறுத்துவதும் இதய மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

அடிபடாமலே சிறுநீர் சிவப்பதும் உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படுத்து ஓய்வெடுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கண்ணாடி டம்ளரில் பிடித்து நிறம் வெளுக்கிறதா என்று பாருங்கள். ரத்தக்கட்டி விழுந்து சிறுநீர் அடைத்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்றால் கட்டிக்குள் கிருமி புகுந்திருக்கலாம். ஒரு வாரம் தாண்டியும் சிவப்பு நிற்காவிட்டால், குறிப்பாக 50 வயதுக்கு மேல் முதல் முறை வந்தால், கல்லோ புற்றோ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கிரியேட்டினின் ஒருமுறை பார்த்தால் போதாது. 48 மணி நேரத்தில் 0.3 மி.கி./டெசிலிட்டர் கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. எண் ‘நார்மல்’ வரம்புக்குள் இருந்தாலும்தான்.

குணமான பிறகும் கபடி, கராத்தே வேண்டாம். நடை, நீச்சல் தாராளம். காரில் சீட் பெல்ட்டைத் தவிர்க்காதீர்கள், ஆனால் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் படியட்டும்.