மெல்லிய வளையத்தைக் கோணாமல் பிடித்துக் கடைவது எப்படி

100 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள ஓர் அலுமினிய வளையத்தை லேத்தின் மூன்று ஜா சக்கில் (மூன்று தாடைகளால் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பானில்) இறுக்கி உள்துளையைப் போரிங் செய்தால், சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாக இருக்கும். கழற்றியதும் வட்டம் கெட்டுவிடும். ஜாக்கள் அழுத்தும் மூன்று இடங்களும் உள்நோக்கி வளைந்திருக்கும்போது கடைவதால் அங்கே கூடுதல் உலோகம் போய்விடுகிறது. பிடி தளர்ந்தவுடன் அவ்விடங்கள் வெளியே மீள்கின்றன. எதிரெதிரே இரு புள்ளிகளைத் தொடும் அளவி, எந்தத் திசையில் வைத்தாலும் ஏறத்தாழ ஒரே விட்டத்தைக் காட்டி இந்தப் பிழையை மறைத்துவிடும். ஆகவே மூன்று புள்ளி உள் மைக்ரோமீட்டரை 60 பாகை திருப்பித் திருப்பி வைத்து அளக்க வேண்டும்.

மெல்லிய சுவரைப் பிடிக்கவேண்டிய தேவையையே தவிர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மூலப்பொருளை நீளமாக எடுத்து, தடித்த பின்பகுதியைச் சக்கில் பிடித்து, உள்ளும் புறமும் முடித்த பிறகு கடைசியாக வெட்டி எடுப்பதே என் அனுபவத்தில் மிக நம்பகமான வழி.

வளையம் வார்ப்பாகவோ பாதி முடிந்த வேலையாகவோ வந்தால் சாஃப்ட் ஜா, அதாவது வேலைக்கேற்ப நாமே கடைந்துகொள்ளும் மென்மையான ஜா, தேவைப்படும். வளையத்தின் சுற்றளவைப் பெரும்பாலும் தழுவும் அகலமான அலுமினிய ஜாக்களைப் பொருத்தி, அவற்றின் பின்புறத்தில் ஓர் உருண்டைத் துண்டை இறுக்கிப் பிடித்தபடி முன்புறத்தை வளையத்தின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் போரிங் செய்யுங்கள். ஜாக்களை எதையும் பிடிக்காமல் சும்மா விட்டுக் கடைந்தால், சக்கின் உள்தளர்வு காரணமாக, இறுக்கும்போது ஜாக்கள் வேறு நிலைக்குப் போய்விடும். ஜாவில் கடைந்த விட்டம் வளையத்தினுடையதைவிடப் பெரிதானால் ஜாவின் நடு மட்டும் தொடும். சிறிதானால் ஓரங்கள் மட்டும் தொடும். உள்மூலையில் சிறு பள்ளம் வெட்டினால் சில்லு சேர்ந்து வளையம் சாயாது. சக் சாவியில் குழாய் மாட்டி இறுக்கும் வழக்கத்தை இத்தகைய வேலையில் கண்டால் எனக்கு மனம் பதறும். முரட்டு வெட்டு முடிந்ததும் பிடியைத் தளர்த்தி, இறுதி வெட்டுக்கு மெதுவாக மீண்டும் இறுக்குவதே முறை.

ஆரத்திசையில் துவளும் வளையம் அச்சுத்திசையில் வலுவாக நிற்கும். எனவே சக்குக்குப் பதிலாக லேத்தில் மாட்டும் தட்டையான முகத்தகட்டில் நிறுத்தி, மேல்விளிம்பை ஒரு தட்டையான வளையத்தால் சுற்றிலும் சமமாக அழுத்திப் பிடித்தால் வட்டம் அநேகமாகக் கெடாது.

எங்குமே பிடிகொடுக்காத ஒழுங்கற்ற வடிவங்களைச் சுற்றி, 138 பாகை செல்சியஸில் உருகும் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையை ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டியையே பிடித்துக் கடையலாம். 70 பாகையில் உருகும் ‘உட்’ (Wood's metal) என்ற கலவை உலோகத்தில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. மெல்லிய தகடுகளைச் சூப்பர் குளூவால் தட்டையான கட்டையில் ஒட்டலாம். கழற்றச் சூடாக்கும்போது எழும் ஆவியை வெளியேற்ற நல்ல காற்றோட்டம் இருக்கட்டும்.

எந்த முறையானாலும், இறுக்கும்போதே டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவியின்) முனையை வளையத்தின் உட்சுவரில், ஜாவுக்கு நேராக ஒருமுறையும் இரு ஜாக்களுக்கு நடுவே ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். முள் நகரும் அளவு அனுமதித்த வட்டப்பிழையை நெருங்கினால், கடையத் தொடங்காமல் பிடியை மாற்றுங்கள்.