காம்பவுண்டு: எழுத்து ஒன்று, வேர் இரண்டு

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடினால் "ஒரே காம்பவுண்டில் ஆறு வீடு" என்பார்கள். வேதியியல் பாடத்திலும் ஒரு காம்பவுண்டு வரும். பிள்ளைகள் இரண்டையும் ஒரே சொல் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான், பிறந்த இடம் வேறு.

சுவர் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் காம்பவுண்டு மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அகராதிகளின் முடிவு. கம்போங் என்றால் குடியிருப்பு, சிற்றூர். கிழக்கே வணிகம் செய்த ஐரோப்பியர்கள் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கோலாலம்பூரின் 'கம்போங் பாரு'வில் இருப்பதும் இதே சொல்தான். நம் காம்பவுண்டு வீட்டுக்கு மலேசியாவில் ஓர் உறவு இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது!

மற்றது, அதாவது வேதியியல் காம்பவுண்டு, லத்தீன் வழி வந்தது. 'ஒன்றாகச் சேர்த்து வை' என்று பொருள். அந்தக் காலத்தில் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர், கூட்டு வட்டி எல்லாம் இந்தக் குடும்பம். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட்டும் அப்படித்தான்: மெக்னீசியம், கார்பன், ஆக்சிஜன் சேர்ந்த சேர்மம்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? கேட் போட்டுப் பூட்ட முடியுமென்றால் மலாய்ச் சொல். "எதோடு எது சேர்ந்தது?" என்று கேட்க முடிந்தால் லத்தீன்.

தமிழில் எழுதும்போது இடத்துக்கு வளாகம், சுவருக்குச் சுற்றுச்சுவர் அல்லது மதில் என்று எழுதுங்கள். 'காம்பவுண்டு ஏறிக் குதித்தான்' என்பதைவிட 'மதில் ஏறிக் குதித்தான்' எவ்வளவு துடிப்பாக இருக்கிறது!