ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பகுத்தாய்வது எப்படி: மொழியியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறை

ஆங்கில மொழியியலைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் படிக்க வருபவர்களில் பலர் பள்ளியில் இலக்கணத்தை நன்றாகவே கற்றவர்கள். அப்படியிருந்தும், சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும் முறையை ஆராயும் தொடரியல் பாடத்தின் முதல் பயிற்சியிலேயே அவர்கள் தடுமாறுகிறார்கள். பள்ளி இலக்கணம் வரையறைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னது. மொழியியலோ ஒவ்வொரு முடிவுக்கும் சான்று கேட்கிறது. 'இது பெயர்ச்சொல்' என்று எழுதினால் மட்டும் போதாது, அது பெயர்ச்சொல் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் ஒருமுறை கைவந்துவிட்டால் பாடத்தின் பெரும்பகுதி எளிதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதை முறையாகப் பகுக்கும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் வாக்கியம் இது:

தி யங் டீச்சர் புட் தி புக்ஸ் ஆன் தி ஷெல்ஃப்.

இளம் ஆசிரியை புத்தகங்களை அலமாரித் தட்டில் வைத்தார் என்பது பொருள். உங்கள் குறிப்பேட்டில் இதை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்: உடுக்குறி

மொழியியலில் ஒரு வாக்கியத்தின் முன் உடுக்குறி (\*) இட்டால், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று பொருள். பேச்சில் இயல்பாக வரும் ஒன்றை 'நல்ல ஆங்கிலம் அல்ல' என்று கண்டிப்பதற்கு இந்தக் குறி பயன்படாது. வாக்கியத்தை முன்னுருபில், அதாவது பிரிபொசிஷனில், முடிக்கக்கூடாது என்று சில நூல்கள் விதித்தாலும், 'ஹூ டிட் யூ டாக் டூ?' என்று மக்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். அதற்கு உடுக்குறி கிடையாது. '\*டீச்சர் யங் தி' என்று எவரும் சொல்வதில்லை, அதற்கு உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

படி 1: சொல்வகையை இடத்தாலும் வடிவத்தாலும் கண்டறியுங்கள்

பெயர்ச்சொல் என்பது ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் என்றும், வினைச்சொல் என்பது செயலைக் குறிப்பது என்றும் படித்திருப்போம். அப்படியானால் 'டிஸ்ட்ரக்ஷன்' என்ற சொல்லை எங்கே வைப்பது? அழித்தல் ஒரு செயல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன் 'தி' வருகிறது, 'டோட்டல்' போன்ற பெயரடை வருகிறது, அது எழுவாயாகவும் நிற்கிறது. காலம் காட்டும் 'எட்' விகுதியை மட்டும் அது ஏற்பதில்லை. ஆகவே அது பெயர்ச்சொல்.

தமிழ் மரபை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்றுதான் தொல்காப்பியத்தின் வினையியல் தொடங்குகிறது. பொருளை வைத்து அல்ல, சொல் எதை ஏற்கிறது, எதை ஏற்காது என்பதை வைத்துச் செய்த வரையறை அது. 'அழிவை', 'அழிவால்' என்று உருபு ஏற்பதால் 'அழிவு' பெயர்ச்சொல் என்று நாம் தயங்காமல் சொல்கிறோம் அல்லவா? அதே கண்ணோடு ஆங்கிலத்தையும் பாருங்கள்.

நம் வாக்கியத்தில் 'யங்' என்பதற்கு முன் 'வெரி' சேர்க்கலாம், 'யங்கர்' என்று ஒப்பிடலாம், எனவே பெயரடை. 'புக்ஸ்' பன்மை விகுதி பெற்றிருக்கிறது, அதற்கு முன் 'தி' நிற்கிறது, எனவே பெயர்ச்சொல். 'தி' இருக்கும் இடத்தில் 'எ', 'திஸ்', 'மை' ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம், ஆனால் இரண்டைச் சேர்த்து வைக்க முடியாது. தமிழில் 'என் இந்தப் புத்தகம்' என்பது இயல்பு. ஆங்கிலத்தில் '\*மை திஸ் புக்' இல்லை. ஒரே இருக்கைக்குப் போட்டியிடும் இச்சொற்களை டிடர்மினர் என்ற தனி வகையாக எண்ணுகிறோம்.

'புட்' என்ற வினையில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நிகழ்கால வடிவமும் இறந்தகால வடிவமும் ஒன்றுபோல் ஒலிப்பவை. ஆயினும் நம் வாக்கியம் இறந்தகாலம் என்று திட்டமாகச் சொல்லலாம். நிகழ்காலமாக இருந்தால், எழுவாய் படர்க்கை ஒருமை என்பதால் 'புட்ஸ்' என்று வந்திருக்க வேண்டும். விகுதி இல்லாமையே இங்கே சான்று.

படி 2: சொற்களைச் சேர்த்து உறுப்புகளைக் காணுங்கள்

வாக்கியம் என்பது மணிமாலை போல் சொல்லடுத்துச் சொல்லாகக் கோத்தது அல்ல. சொற்கள் முதலில் சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன, கூட்டங்கள் பெரிய கூட்டங்களாகச் சேர்கின்றன. அப்படிச் சேரும் ஒவ்வொரு கூட்டமும் ஓர் உறுப்பு. ஆங்கிலப் பாடநூல்கள் இதையே கான்ஸ்டிட்யுவன்ட் என்கின்றன. எந்தச் சொற்கள் ஓர் உறுப்பாகின்றன என்பதை ஊகிக்க வேண்டாம். மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது பதிலீடு. ஒரு கூட்டத்தை ஒரே சொல்லால் மாற்ற முடிந்தால் அது உறுப்பாக இருக்க வாய்ப்புண்டு. 'தி யங் டீச்சர்' முழுவதையும் 'ஷி' என்று மாற்றலாம். 'தி புக்ஸ்' என்பதை 'தெம்' என்றும், 'ஆன் தி ஷெல்ஃப்' என்பதை 'தேர்' என்றும் மாற்றலாம். 'ஷி புட் தெம் தேர்' என்று வாக்கியமே சுருங்கிவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 'டீச்சர்' என்ற பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'ஷி' வைத்தால் '\*தி யங் ஷி' என்று ஆகிறது. பிரதிப்பெயர் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது என்று பள்ளியில் படித்தது முழு உண்மையன்று. அது பெயர்ச்சொல்லும் அதைச் சார்ந்த சொற்களும் சேர்ந்த பெயர்த்தொடர் முழுவதற்கும் பதிலாக வருவது. இந்தச் சிறு கண்டுபிடிப்பை மாணவர்கள் தாமாகச் செய்யும் தருணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. தொடர் என்ற ஒன்று மெய்யாகவே இருக்கிறது என்பதை அதுதான் உணர்த்துகிறது.

இரண்டாவது கேள்வி. 'வேர் டிட் தி யங் டீச்சர் புட் தி புக்ஸ்?' என்று கேட்டால் 'ஆன் தி ஷெல்ஃப்' என்பது தனி விடையாக நிற்கும். 'புக்ஸ் ஆன்' என்ற விடையைப் பெறும் கேள்வி எதுவும் கிடையாது.

மூன்றாவது பிளவு வாக்கியம். 'இட் வாஸ்' என்று தொடங்கி, சோதிக்கும் கூட்டத்தை வைத்து, பிறகு 'தட்' என்று மீதியைத் தொடருங்கள். 'இட் வாஸ் தி புக்ஸ் தட் தி யங் டீச்சர் புட் ஆன் தி ஷெல்ஃப்' சரியாக வருகிறது. '\*இட் வாஸ் டீச்சர் புட் தட்...' என்று தொடங்கினால் முடிக்கவே வழியில்லை.

ஒரு சோதனையில் தோற்றதாலேயே ஒரு கூட்டம் உறுப்பல்ல என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சில சோதனைகள் சில வகைத் தொடர்களுக்கே பொருந்தும். இரண்டு சோதனைகளாவது ஒத்துச் சொல்ல வேண்டும் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சோதித்துப் பாருங்கள்

பெரும்பாலான பிழைகள் நேரும் இடம் இதுவே. 'தி புக்ஸ் ஆன் தி ஷெல்ஃப்' என்ற ஐந்து சொற்களையும் சேர்த்து ஒரே பெயர்த்தொடர் என்று எழுதத் தோன்றும். 'தட்டில் உள்ள புத்தகங்கள்' என்று அதற்குப் பொருளும் இருக்கிறதே! சோதித்துப் பாருங்கள். ஐந்தையும் 'தெம்' என்று மாற்றினால் '\*தி யங் டீச்சர் புட் தெம்' என்று நின்றுவிடுகிறது. எங்கே வைத்தார் என்ற இடம் வெறுமையாக இருப்பதால் வாக்கியம் முடியவில்லை.

இப்போது வினையை மட்டும் மாற்றுங்கள்: 'தி யங் டீச்சர் ரெட் தி புக்ஸ் ஆன் தி ஷெல்ஃப்.' இங்கே 'தி யங் டீச்சர் ரெட் தெம்' என்பது குறையில்லாத வாக்கியம். மற்றச் சொற்கள் அனைத்தும் அப்படியே, அதே வரிசையில் இருக்கின்றன. கட்டமைப்பு மட்டும் வேறு. முதல் வாக்கியத்தில் வினைக்குப் பின் இரண்டு உறுப்புகள், இரண்டாவதில் ஒன்று.

இந்த வேறுபாட்டுக்கு வினையே காரணம். 'புட்' என்ற வினை, வைக்கும் பொருள், வைக்கும் இடம் ஆகிய இரண்டையும் கேட்டு வாங்குகிறது. வினை இப்படிக் கேட்டு வாங்கும் உறுப்பைக் காம்ப்ளிமென்ட் என்றும், கேட்காமலேயே வந்து ஒட்டும் உறுப்பை அட்ஜங்க்ட் என்றும் சொல்வர். 'இன் தி மார்னிங்' என்பதை நம் வாக்கியத்தின் இறுதியில் சேர்த்தால் அது அட்ஜங்க்ட், எடுத்துவிட்டாலும் குறைவதில்லை. ஐயம் வரும்போது 'டிட் ஸோ' என்ற தொடர் உதவும். 'தி டீச்சர் ரெட் தி புக்ஸ் இன் தி மார்னிங், அண்ட் தி ஸ்டூடன்ட் டிட் ஸோ இன் தி ஈவ்னிங்' சரி. '\*தி டீச்சர் புட் தி புக்ஸ் ஆன் தி ஷெல்ஃப், அண்ட் தி ஸ்டூடன்ட் டிட் ஸோ ஆன் தி டேபிள்' சரியன்று. 'டிட் ஸோ' என்பது வினையையும் அதன் காம்ப்ளிமென்ட்களையும் ஒருசேர விழுங்கிக்கொள்வதால், காம்ப்ளிமென்டை வெளியே தனியாக விட முடியாது.

படி 4: வகையையும் பணியையும் பிரித்தெழுதுங்கள்

'தி யங் டீச்சர்' என்ன வகை என்று கேட்டால் பெயர்த்தொடர். அது வாக்கியத்தில் என்ன பணி செய்கிறது என்று கேட்டால் எழுவாய். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அதே தொடர் வேறொரு வாக்கியத்தில் செயப்படுபொருளாக நிற்கலாம். அப்போது பணி மாறும், வகை மாறாது. குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள்.

எழுவாயைக் காண 'செயலைச் செய்பவர் யார்?' என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 'தி டோர் ஓப்பன்ட்' என்பதில் கதவு எதையும் செய்யவில்லை. மாறாக, வாக்கியத்தின் இறுதியில் ஒரு சிறு கேள்வியைச் சேருங்கள்: 'தி யங் டீச்சர் புட் தி புக்ஸ் ஆன் தி ஷெல்ஃப், டிடன்ட் ஷி?' அங்கே வரும் பிரதிப்பெயர் எதைச் சுட்டுகிறதோ அதுவே எழுவாய். 'இட் இஸ் ரெய்னிங், இஸன்ட் இட்?' என்னும்போது, எதையும் சுட்டாத 'இட்' கூட எழுவாய்தான் என்று தெளிவாகிறது.

தமிழ் பேசுவோர் இங்கே சற்று விழிப்பாக இருக்க வேண்டும். 'மழை பெய்கிறது' என்பதில் மழைதான் எழுவாய். 'பெய்தது' என்று மட்டும் சொன்னாலும் நமக்குப் போதும். காலம் காட்டும் வினையைக் கொண்ட ஆங்கில வாக்கியமோ எழுவாய்க்குரிய இடத்தைப் பொதுவாகக் காலியாக விடுவதில்லை. கட்டளை வாக்கியம் போன்ற சிலவே விலக்கு. 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று சொல்லும்போது, நான்காம் வேற்றுமையில் நின்றவர் எழுவாயாகிவிடுகிறார். வேற்றுமை உருபு நமக்குச் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் சொல்வரிசை செய்கிறது.

படி 5: இரு பொருள் தருவனவற்றைப் பிரித்துக் காட்டுங்கள்

'தி கேர்ள் ஃபோட்டோகிராஃப்ட் தி மேன் வித் தி ஃபோன்.' ஃபோன் யார் கையில் இருக்கிறது? 'இட் வாஸ் தி மேன் வித் தி ஃபோன் தட் தி கேர்ள் ஃபோட்டோகிராஃப்ட்' என்று பிளந்தால் ஃபோன் அந்த மனிதரிடம் இருக்கிறது. 'இட் வாஸ் வித் தி ஃபோன் தட் தி கேர்ள் ஃபோட்டோகிராஃப்ட் தி மேன்' என்று பிளந்தால், ஃபோனால் படம் எடுத்தவள் அந்தப் பெண். சொற்கள் மாறவில்லை, 'வித் தி ஃபோன்' என்பது எந்த உறுப்புக்குள் அடங்குகிறது என்பதுதான் மாறுகிறது. இத்தகைய வாக்கியத்துக்கு மரப்படம், அதாவது எந்த உறுப்புக்குள் எது அடங்குகிறது என்பதைக் கிளைகளாகக் காட்டும் படம், வரையும்போது இரண்டு படங்கள் தேவை. ஒன்றை மட்டும் வரைந்தால் பாதி விடைதான்.

பயிற்சி

கீழுள்ள இரண்டையும் நீங்களே பகுத்துப் பாருங்கள்.

ஷி டர்ன்ட் டவுன் தி ஆஃபர்.
ஷி டர்ன்ட் டவுன் தி லேன்.

முதலாவது, வந்த வாய்ப்பை மறுத்தாள் என்பது; இரண்டாவது, சந்துக்குள் திரும்பினாள் என்பது. மேற்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. 'டவுன்' என்ற சொல்லை வாக்கியத்தின் இறுதிக்கு நகர்த்துங்கள்: 'ஷி டர்ன்ட் தி ஆஃபர் டவுன்' வருகிறது, '\*ஷி டர்ன்ட் தி லேன் டவுன்' வருவதில்லை. அடுத்து, 'டவுன்' என்பதையும் அதன்பின் வரும் பெயர்த்தொடரையும் சேர்த்து வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எது நகர்கிறது, எது நகர மறுக்கிறது என்று எழுதி, அதிலிருந்து எந்த வாக்கியத்தில் 'டவுன்' முன்னுருபு, எதில் வினையோடு இணைந்த துணைச்சொல் என்ற முடிவுக்கு வாருங்கள். முடிவைக் காட்டிலும் சான்றை முதலில் எழுதுங்கள்.