மூத்த பாயிண்ட் கார்டின் தற்காப்பை எடைபோடுவது எப்படி? ஜேசன் கிட்டை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் 2011 இறுதித் தொடர். மயாமி ஹீட் 2-1 என முன்னிலையில் இருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு டல்லாஸ் மாவரிக்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல் தொடக்க ஐவரில் ஒரு மாற்றம் செய்தார். தற்காப்புக்காகவே இறக்கிவந்த டெஷான் ஸ்டீவன்சனை பெஞ்சில் உட்காரவைத்து, உயரம் குறைந்த, வேகமான ஜே.ஜே. பரேயாவை இறக்கினார். எதிரே லெப்ரான் ஜேம்ஸும் டுவேன் வேடும் நிற்கிறார்கள். அப்படியொரு அணிக்கு எதிராகத் தற்காப்பு ஆட்டக்காரரை எடுத்துவிட்டுக் குட்டி கார்டைப் போட ஒரு பயிற்சியாளருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

38 வயது ஜேசன் கிட்டிடமிருந்து வந்தது என்பது என் பதில். பாயிண்ட் கார்டான (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) அவர் வேடைப் பிடிக்கும், அதாவது அவர் முன்னால் நின்று தடுக்கும், பொறுப்பைப் பல நேரம் எடுத்துக்கொண்டதால்தான் பரேயாவை மயாமியின் பாயிண்ட் கார்டு மைக் பிபி மீது நிறுத்த முடிந்தது. இப்படிப்பட்ட மதிப்பு ஸ்கோர் அட்டையில் எந்தக் கட்டத்திலும் இருக்காது. அதை நாமாகவே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, முழு ஆட்டத்தின் பதிவு ஒன்று. இவை போதும். ஹைலைட்ஸ் வேண்டாம், தற்காப்பு ஹைலைட்ஸில் வராது.

படி 1: யாரைப் பிடிக்கிறார் என்று எழுதுங்கள்

ஒவ்வொரு பொசெஷன் (ஒரு அணியின் கையில் பந்து இருக்கும் ஒரு முறை) தொடங்கும்போதும் உங்கள் ஆட்டக்காரர் யார் முன்னால் நிற்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். முதல் கால்பகுதி முழுக்க வேறெதுவும் வேண்டாம்.

இது எளிமையாகத் தெரிந்தாலும், ஒரு பயிற்சியாளர் தன் ஆட்டக்காரரைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது பேட்டியைவிட இதில்தான் வெளிப்படும். எதிரணியில் பந்தைத் தொடாமல் மூலையில் நிற்கும் ஷூட்டர் ஒருவர் எப்போதும் இருப்பார். உங்கள் மூத்த கார்டு ஆட்டம் முழுக்க அவரோடு நின்றால், அணி அவரை ஒளித்துவைக்கிறது என்று பொருள். அது குற்றமல்ல, ஆனால் அந்த ஒளிப்புக்கான விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கிட்டின் கதை நேர்மாறானது. சுமார் 193 செ.மீ. உயரம், திடமான உடம்பு. வயது ஏற ஏறச் சின்ன, வேகமான கார்டுகளை விட்டுவிட்டுப் பெரிய, பலமான ஆட்களை நோக்கி அவர் நகர்ந்தார். அந்த ஆண்டு லேக்கர்ஸுக்கு எதிரான இரண்டாம் சுற்றில் கோபி பிரையன்ட் பல நேரம் அவர் பொறுப்பு. கால் வேகம் போனாலும் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஆட்டத்தைப் படிக்கும் கண்ணோ வயதோடு வளர்கிறது. எனவே ‘இப்போதும் வேகமான கார்டைப் பிடிக்கிறாரா?’ என்ற கேள்வியை விடுங்கள். ‘எத்தனை விதமான ஆட்களைப் பிடிக்க முடிகிறது?’ என்று கேளுங்கள்.

படி 2: பந்தின் முன் நிற்கும்போது காலைப் பாருங்கள்

இப்போது அவர் பந்து வைத்திருப்பவரைப் பிடிக்கும் பொசெஷன்களை மட்டும் எடுங்கள். இருபது கிடைத்தால் போதும். பந்தைப் பார்க்காமல் இடுப்பையும் பாதத்தையும் பாருங்கள்.

மூன்று விஷயங்கள். ஸ்கிரீன் (தற்காப்பாளரின் வழியை மறிக்க எதிரணியின் இன்னொருவர் வந்து நிற்பது) வரும்போது மேல்பக்கமாகச் சுற்றுகிறாரா, கீழ்ப்பக்கமாக நழுவுகிறாரா? ஸ்கிரீனில் மோதிச் சிக்கிக்கொண்டால் மீண்டும் தன் ஆளின் பின்னால் வந்து சேர எத்தனை நொடி ஆகிறது? தாண்டிப் போகவிட்டால், எந்தப் பக்கமாகப் போகவிடுகிறார்?

தொடக்கக்காரர்கள் தவறவிடுவது மூன்றாவதைத்தான். ‘ஆளை விட்டுவிட்டார், மைனஸ்’ என்று சட்டென எழுதிவிடுவோம். நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் 2011 டல்லாஸ் அணியில் வளையத்தடியில் டைசன் சாண்ட்லர் நின்றார். அவர் நிற்கும் பக்கமாக ஆளைத் தள்ளிவிட்டால் அது தோல்வியல்ல, திட்டம். கிட் அரை அடி தள்ளி நின்று, ஒரு பக்கத்தை உடம்பால் அடைத்து, மறுபக்கத்தைத் திறந்துவைப்பார். எதிராளி தானே வழி கண்டுபிடித்ததாக நினைத்து ஓடுவார். ஓடிய இடத்தில் 216 செ.மீ. சாண்ட்லர் இருப்பார். எனவே, தாண்டவிட்டாரா என்பதோடு எங்கே அனுப்பினார் என்பதையும் எழுதுங்கள். நடுப்பகுதிக்குள் விட்டால் மைனஸ். உதவி காத்திருக்கும் ஓரத்துக்கு அனுப்பினால் பூஜ்யம் போடுங்கள், சில நேரம் ப்ளஸ்கூட.

படி 3: பந்து வேறெங்கோ இருக்கும்போது பாருங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே கொடுங்கள். தற்காப்பில் ஒரு கார்டு பெரும்பாலான நேரம் பந்தில்லாத ஆளின் பக்கத்தில்தான் இருப்பார். மூத்த ஆட்டக்காரரின் சம்பளம் அங்கேதான் நியாயமாகிறது.

ஒரே பொசெஷனை மூன்று முறை ஓடவிடுங்கள். முதல் முறை பந்தைப் பாருங்கள், ஆட்டம் புரியட்டும். இரண்டாம் முறை உங்கள் கார்டை மட்டும். மூன்றாம் முறை அவருடைய தலையை மட்டும் பாருங்கள்: ஒரு கண் தன் ஆள் மேலும் ஒரு கண் பந்தின் மேலும் இருக்கிறதா, அல்லது பந்தையே வெறித்து நிற்கிறாரா?

பிறகு இவற்றைக் குறியுங்கள். பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டவரே வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) நடந்து எதிரணி சென்டர் வளையத்தை நோக்கி ஓடும்போது, பக்கவாட்டிலிருந்து ஒரு அடி உள்ளே வந்து நெஞ்சால் தடுக்கிறாரா? தடுத்தபின் மூலையில் இருக்கும் தன் ஷூட்டரிடம் நேரத்துக்குத் திரும்புகிறாரா? பெரிய ஆள் முதுகைக் காட்டிப் பந்தை இறக்கும்போது குறுக்கே கைவிட்டு எடுக்கிறாரா? எதிரணி திட்டத்தைத் தொடங்கும் முன்பே கை நீட்டித் தன் அணியினருக்கு இடம் காட்டுகிறாரா? ஷாட் விழாதபோது தன்னைவிடப் பெரியவரை முதுகால் அடைத்துவைக்கிறாரா?

கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். 2010-11இல் கிட் சராசரியாக ஆட்டத்துக்கு 4.4 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) 1.7 ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுத்தார். புள்ளிகள் வெறும் 7.9. கார்டு ரீபவுண்டை முடித்துவைத்தால்தான் அந்தத் தற்காப்பு முழுமையாகிறது.

டல்லாஸ் அந்தப் பருவத்தில் அவ்வப்போது ஜோன் தற்காப்புக்கும் மாறியது. ஜோனில் ஆளைப் பிடிப்பதைவிட இடத்தைப் பிடிப்பதும் குரல் கொடுப்பதும்தான் முக்கியம். கிட் போன்றவருக்கு அது தண்ணீரில் மீனை விட்டதுபோல.

படி 4: வேட்டையாடுகிறார்களா?

பிளே-ஆஃப் ஆட்டங்களில் எதிரணி பலவீனமான ஆளைத் தேடிப் பிடிக்கும். அவர் யாரைப் பிடிக்கிறாரோ அந்த ஆட்டக்காரரை ஸ்கிரீன் போட அழைக்கும். தற்காப்பு ‘ஸ்விட்ச்’ ஆனதும் (இரு தற்காப்பாளர்கள் தங்கள் ஆட்களை மாற்றிக்கொண்டதும்) நட்சத்திர ஆட்டக்காரர் முன்னால் அந்தப் பலவீனமானவர் தனியே மாட்டுவார்.

கோல்டன் ஸ்டேட் அணியின் பாயிண்ட் கார்டு ஸ்டெஃபன் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16இல் ஆட்டத்துக்கான ஸ்டீல் சராசரியில் லீகிலேயே முதலிடம். அதே பருவத்தின் இறுதித் தொடரில் கிளீவ்லாண்ட் அவரைத்தான் திரும்பத் திரும்ப ஸ்கிரீனுக்குள் இழுத்தது. கரி மோசமான தற்காப்பாளர் என்று நான் சொல்லமாட்டேன். இடம் அறிந்து நிற்பவர், உழைப்பவர். ஆனால் ஸ்டீல் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரையே எதிரணி தேடிப் போகிறதென்றால், அந்தப் பட்டியல் வேறு எதையோ அளக்கிறது.

எனவே நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்: எதிரணி எத்தனை முறை வேண்டுமென்றே உங்கள் ஆட்டக்காரரின் ஆளை ஸ்கிரீன் போட அழைத்தது? ஸ்விட்ச் ஆனபின் பந்தை நிறுத்தி, மற்றவர்களை ஒதுங்கச் சொன்னார்களா? அப்படி யாரும் கூப்பிடவே இல்லையென்றால், அந்த வெற்றுப் பத்தி மூத்த கார்டுக்குக் கிடைக்கும் உயர்ந்த பாராட்டு.

படி 5: இப்போது எண்களுக்கு வாருங்கள்

இதுவரை எண்களைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எண்ணை முதலில் பார்த்தால் கண் அந்த எண்ணைத்தான் தேடும்.

*ஸ்டீல்.* ஆலன் ஐவர்சன் 2001 முதல் 2003 வரை மூன்று பருவங்கள் தொடர்ந்து ஸ்டீல் சராசரியில் முதலிடம் பிடித்தார். ஆனால் லீகின் சிறந்த தற்காப்பு அணிகளில் ஒருமுறைகூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கிட் அதே அணிகளில் 9 முறை இடம்பெற்றார். ஒரு ஸ்டீலுக்காக எத்தனை முறை தாவினார், தாவித் தவறியபோது என்ன ஆனது என்று உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

*டிபென்சிவ் ரேட்டிங்.* 100 பொசெஷனுக்கு எதிரணி எடுத்த புள்ளிகள். ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது ஒரு எண், இல்லாதபோது ஒரு எண். வைத்துக்கொள்வோம்: இருக்கும்போது 108, இல்லாதபோது 104. பார்த்தால் அவர் சுமைபோலத் தெரியும். ஆனால் அவர் எதிரணியின் முதல் ஐவரோடு ஆடுகிறார், அவருடைய மாற்று ஆட்டக்காரர் பெஞ்ச் ஆட்களோடு ஆடுகிறார். அவரோடு யார் ஆடினார்கள் என்பதும் முக்கியம். சாண்ட்லரோடு ஆடிய நிமிடங்களையும் சாண்ட்லர் இல்லாத நிமிடங்களையும் பிரித்துத்தான் கிட்டைப் பார்க்கவேண்டும். ஆர்ஏபிஎம் போன்ற கணக்குகள் கூட ஆடிய ஒன்பது பேரின் பாதிப்பையும் கழித்துப் பார்க்க முயல்கின்றன. அவற்றைப் பார்ப்பதானால் ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் பல பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

*எதிரணியின் மூன்று புள்ளி சதவீதம்.* இதை நம்பவேண்டாம். திறந்த மூலையில் நிற்பவர் போட்ட பந்து உள்ளே போவதும் போகாததும் பெரும்பாலும் அதிர்ஷ்டம். எத்தனை திறந்த ஷாட் கொடுத்தார்கள் என்பதுதான் தற்காப்பின் கையில் இருக்கிறது.

*தன் ஆள் எடுத்த புள்ளிகள்.* அந்த நான்காவது ஆட்டத்தில் வேட் 32 புள்ளி எடுத்தார். லெப்ரான் 8 மட்டுமே. டல்லாஸ் 86-83 என வென்றது. வேடின் 32ஐ மட்டும் பார்த்து அதில் பெரும்பங்கைக் கிட்டின் கணக்கில் எழுதினால் அன்றைய ஆட்டத்தையே தவறாகப் படித்துவிடுவீர்கள். டல்லாஸின் ஷான் மேரியன் லெப்ரானிடமே நிற்க முடிந்ததும், சாண்ட்லர் வளையத்தை விட்டு நகராமல் இருந்ததும், பரேயா களத்தில் இருக்க முடிந்ததும் ஒரே ஏற்பாட்டின் பகுதிகள். அடுத்த ஆட்டத்தில் பரேயா 17 புள்ளி எடுத்தார், டல்லாஸ் 112-103 என வென்றது. அந்த 17இல் ஒரு பங்கைக் கிட்டின் தற்காப்பு மதிப்பாக நான் எழுதுவேன்.

படி 6: வயதின் கணக்கு

ஒரே ஆட்டத்தில் முதல் கால்பகுதியையும் கடைசிக் கால்பகுதியையும் ஒப்பிடுங்கள். ஸ்கிரீனைச் சுற்றிவரும் நேரம் கூடுகிறதா? ஓடி வந்து தடுப்பதற்குப் பதிலாகக் கையால் பிடித்து ஃபவுல் வாங்குகிறாரா? அடுத்தடுத்த இரவுகளில் ஆடிய ஆட்டம் இருந்தால் அதையும் பாருங்கள். கிட் 2009-10இல் ஆட்டத்துக்கு 36 நிமிடம் ஆடினார். அடுத்த பருவம் அது 33.2 ஆனது. அந்த மூன்று நிமிடச் சேமிப்புக்கு ஜூனில் பலன் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். நிமிடத்தைச் சேர்க்காமல் மூத்தவரின் மதிப்பைச் சொன்னால் அது பாதிக் கணக்கு.

எங்கிருந்து தொடங்கலாம்

நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியையே எடுங்கள். இங்கே நமக்கு அது காலை நேர ஆட்டம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியோடு விட்டவர்கள் பலர் இருப்போம். மயாமி 74-65 என முன்னிலையில் இருக்கும் இடத்தில் பதிவை நிறுத்துங்கள். அங்கிருந்து முடியும்வரை டல்லாஸ் 21, மயாமி 9. நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: யாரைப் பிடித்தார், எங்கே அனுப்பினார், பந்தில்லாதபோது என்ன செய்தார், யாராவது தேடி வந்தார்களா. டல்லாஸின் நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி காய்ச்சலோடு ஆடிய இரவு அது, கண் தானாக அவரிடம் போகும். இழுத்துக்கொண்டு வந்து கிட்டின் 2ஆம் எண் சட்டைமேல் வையுங்கள்.