எல்லை தாண்டி முதியோர் இல்லப் பணிக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர் கேரளத்தின் பாலக்காட்டு முதியோர் இல்லங்களில் நர்சிங் உதவியாளராகச் சேரும்போது முதலில் சறுக்குவது மொழியில்தான். மலையாளம் பாதி புரியும் என்பதே அதற்குக் காரணம். ஒரு முத்தச்சி (பாட்டி) "எனிக்குப் பனியாணு" என்றால், குளிர்கிறது போலும் என்று எண்ணிக் கம்பளியைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அங்கே பனி என்றால் காய்ச்சல், உடனே வெப்பநிலையைப் பார்த்து நர்ஸிடம் சொல்ல வேண்டும். "கழிச்சு" என்பது சாப்பிட்டாயிற்று என்பதைக் குறிக்கும். அதை வயிற்றுப்போக்கு என்று பதிவேட்டில் எழுதிவிட்டால், அடுத்த டியூட்டிக்கு வருபவர் அதை நம்பி உணவையே மாற்றிவிடக்கூடும். உண்மையான வயிற்றுப்போக்குக்கு அவர்கள் சொல்லும் சொல் வயறிளக்கம். ஐயம் இருந்தால் எழுதுவதற்கு முன் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும்.

மறதிநோய் முற்றியவர்கள் பின்னாளில் கற்ற மொழியை விட்டுத் தாய்மொழிக்குத் திரும்புவதும் உண்டு. பாலக்காட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து வாழ்நாள் முழுதும் வெளியில் மலையாளம் பேசிய ஒருவர் திடீரெனத் தமிழில் அம்மாவைத் தேடினால், "அம்மா இறந்து எத்தனையோ வருடமாயிற்று" என்று திருத்துவது தவறு. அந்தத் துக்கம் அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக நேரும். அம்மாவைப் பற்றி அவரையே பேசவிடலாம்.

படுக்கைப்புண் விஷயத்தில் செய்யும் தவறுகள்தான் மிகுதி, விளைவும் கொடியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பொதுவான வழக்கம், ஆனால் சிலருக்கு அதைவிட அடிக்கடியும் தேவைப்படும். புரட்டும்போது தனி ஆளாக இழுத்தால் தோல் துணியோடு உரசி உள்ளே சிதையும். இருவர் சேர்ந்து, அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவதே முறை. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். அங்கே எண்ணெய் வைத்து நீவிவிடுவது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். இங்கோ அது நலிந்த தசையை மேலும் கெடுக்கும். வளைய வடிவத் தலையணையும் வேண்டாம், அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

உணவில் அவசரம் ஆபத்து. விழுங்கச் சிரமப்படுபவருக்கு, நீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கும் கேரளக் கஞ்சியே கடினமான உணவு, ஏனெனில் பருக்கையை மெல்லும் முன்பே நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். எந்தப் பதத்தில் தர வேண்டும் என்பதை நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியில் ஊட்டி, முடிந்த பின்னும் அரை மணி நேரம் சாயவிடாமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் இருமலோ, தண்ணீர் கொப்பளிப்பது போன்ற குரலோ வந்தால் ஊட்டுவதை உடனே நிறுத்திவிட்டு நர்ஸை அழைக்க வேண்டும்.

கையுறை போட்டால் கை கழுவத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு; கழற்றிய பின்னும் சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். தரையில் விழுந்து கிடப்பவரை அவசரப்பட்டுத் தூக்கிவிடக் கூடாது, எலும்பு முறிந்திருக்கலாம். பக்கத்திலேயே இருந்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். உறவினர் கொண்டுவரும் மாத்திரையைத் தாமாகக் கொடுப்பதும் வேண்டாம்.

எல்லோரையும் "பாட்டி", "தாத்தா" என்று ஒரே மாதிரி அழைப்பது சிறிய தவறுதான், ஆனாலும் உறுத்தும். ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த ஊரில் இறுதிவரை மாஷ், ஆசிரியை என்றால் டீச்சர்; எப்படிக் கூப்பிடலாம் என்று முதல் நாளே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.