ஓட்டல் டிபனில் எண்ணெயைக் குறைக்க

இட்லி ஆவியில் வேகிறது, எண்ணெய் கிடையாது. அதுவே பொடி இட்லி ஆனதும் நெய்யிலோ நல்லெண்ணெயிலோ புரண்டுதான் வரும். பொடியைத் தனியாகக் கேளுங்கள். தோசைக்கு ‘எண்ணெய் கம்மியா’ என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், கல்லில் ஊற்றியபின் சொல்லிப் பயனில்லை. நெய் ரோஸ்ட்டில் இந்தப் பேரம் எடுபடாது. அந்த மொறுமொறுப்பே நெய்யால் வருவது. வெண்பொங்கல் பார்க்கத்தான் சாது, நெய்யெல்லாம் உள்ளே. பரோட்டா சாப்பிட்டே தீர வேண்டுமென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். சால்னாவைக் கலக்காமல், மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கி, அடியிலிருந்து எடுங்கள். தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி, மறுமுறைக்குச் சாம்பார். காபியைச் ‘சர்க்கரை தனியா’ என்று சொன்னால், அரை ஸ்பூனிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.